நூர்நிஷா சொன்ன பெயர்கள்

நூர்நிஷாவைப் பற்றித் தென்காசியில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பைத்தியக்காரி என்றவர்கள் உண்டு. இல்லாத சக்களத்தியை உண்டாக்கிச் சர்க்காரையே ஏமாற்றப் பார்த்த பொய்க்காரி என்று பள்ளிவாசல் தெருவில் வருஷக்கணக்காகப் பேசினார்கள். பேசினவர்களில் பாதிப் பேர் அவள் பஞ்சடைத்த தலையணையில்தான் தலைவைத்துத் தூங்கினார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். அவளிடம் சொன்னால், "விடுங்கக்கா, பேசி ஓயட்டும்" என்பாள். அவர்கள் ஓயவில்லை. நாங்கள்தான் ஓய்ந்து போனோம்.

நான் கோமதி. பிறந்தது இலத்தூரில், திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. வாழ்க்கைப்பட்டது தென்காசியில், வெள்ளைக்காரன் சீமை. நடுவே ஒரு சுங்கச்சாவடி. அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் புளிமூட்டையைக்கூடச் சுங்கக்காரன் அவிழ்த்துப் பார்ப்பான். என் வீட்டுக்காரர் வீரபாகு குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் காவல். சீசன் தொடங்கிவிட்டால் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெரிய மனிதர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். அவர்களுக்கு மெத்தையும் தலையணையும் வாடகைக்குக் கொடுப்பது எங்கள் தொழில். இலவம்பஞ்சு நூர்நிஷாவுடையது, உறை தைப்பது நான். சாரல் அடிக்கிற ஊரில் பஞ்சைக் காயவைத்துக் காப்பாற்றுவது என்ன பாடு என்று படுத்துத் தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. வெயில் தலைகாட்டினால் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவேண்டும், தூற்றல் விழுந்தால் உள்ளே ஓடவேண்டும். சீசன் முடியும்போது இரண்டு பேருக்கும் இடுப்பு கழன்றிருக்கும்.

நூர்நிஷாவுக்குச் சின்ன வயதிலேயே நிக்காஹ் ஆனது. மாப்பிள்ளை அப்துல் மஜீது, ரங்கூனில் ஜவுளிக்கடை. கல்யாணம் முடிந்த சூட்டோடு கப்பல் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். வரும்போது பட்டுக் கைலி, பூப்போட்ட குடை, பீங்கான் கோப்பை என்று வீடு நிறையும். ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கும் முன்னாலேயே காய்ச்சலில் போயிற்று. அப்புறம் ஒன்றும் தங்கவில்லை. மஜீது அண்ணாச்சி நல்ல மனுஷர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். எறும்பைக்கூட மிதிக்கமாட்டார். ஆனால் யார் மனசும் நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டே இருப்பவர்களால் வருகிற கஷ்டம், கெட்டவர்களால்கூட வராது.

ரங்கூனில் கடை வைத்த நம் ஊர் ஆண்கள் பலருக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்தது. பர்மாக்காரப் பெண்ணை நிக்காஹ் செய்து, பிள்ளைகுட்டியோடு வாழ்ந்தார்கள். தென்காசியில் அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெருவில் ஒருவரும் அதை வாயால் சொல்லமாட்டார்கள். ரங்கூனிலிருந்து வருகிற ஆண்கள் சொல்லமாட்டார்கள், இங்கே இருக்கிற பெண்கள் கேட்கமாட்டார்கள். வீட்டுக்காரியின் மரியாதையைக் காப்பாற்றுவது என்று அதற்குப் பெயர். மஜீது அண்ணாச்சிக்கும் அங்கே ஒரு குடும்பம் உண்டு என்று நூர்நிஷாவுக்கு ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தி காதோடு சொல்லித்தான் தெரிந்தது. "எனக்குத் தெரியும்லா" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தாள். பிறகு எழுந்து பஞ்சு கொட்டை எடுக்க உட்கார்ந்தாள். போகப்போக அங்கிருந்து வருகிறவர்களின் வீட்டுப் பெண்களிடம் நைச்சியமாகப் பேசி, அந்தப் பர்மாக்காரியின் பெயர் ஆமினா என்பதிலிருந்து, பிள்ளைகளின் பெயர், எந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தது என்பதுவரை தெரிந்து வைத்துக்கொண்டாள். அடுத்த தடவை மஜீது அண்ணாச்சி வந்தபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏட்டி, கேட்டுத் தொலைக்க வேண்டியதுதான?" என்றேன்.

"அவியளா சொல்லட்டும்க்கா. சொல்ல வாயெடுக்காவ, முழுங்கிருதாவ. நான் கேட்டா அவமானப்பட்டுப் போவாவ."

அவர் இவளுக்காக மறைத்தார், இவள் அவருக்காகத் தெரியாத மாதிரி இருந்தாள். இப்படியே வருஷம் ஓடியது.

அப்புறம் முப்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம். ரங்கூனில் கலவரம் என்று பேப்பரில் வந்தது. யாரோ எப்போதோ புத்தரைப் பழித்து எழுதினான் என்று ஆரம்பித்ததாம். எழுதினவன் எங்கேயோ இருக்க, பர்மாவில் முஸ்லிமாகப் பிறந்த அத்தனை பேர் மேலும் கத்தி விழுந்தது. கடைகளைக் கொளுத்தினார்கள், பள்ளிவாசல்களைக் கொளுத்தினார்கள். தங்கள் பெண்களை முஸ்லிம்கள் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்ற பர்மாக்காரர்களின் ஆத்திரமும் அதில் இருந்தது என்று கேள்விப்பட்டோம். அப்படியானால் ஆமினா மாதிரிப் பெண்களையும் அவர்கள் பிள்ளைகளையும் என்ன செய்வார்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நூர்நிஷா அன்றைக்கு ஒரு மெத்தைக்குக்கூடப் பஞ்சு அடைக்கவில்லை.

இன்னொரு கூத்து என்னவென்றால், அதற்கு முந்தின வருஷம்தான் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்திருந்தார்கள். அதுவரை ரங்கூன் என்றால் தூத்துக்குடி மாதிரி, கப்பலில் போகவேண்டும், அவ்வளவுதான். திடீரென்று அது வெளிநாடு. அங்கே அடிபடுகிறவனுக்காக இங்கே யாரிடம் போய் அழுவது என்றே ஜமாத்துக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரர் காவல் இருந்த பங்களாவில் ஒரு பெரிய அதிகாரி வந்து தங்கியிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சிம்லாவில் உத்தியோகம். வெளிநாடுகளில் இருக்கிற இந்தியர்களின் காரியத்தைப் பார்க்கிற இலாகாவாம். எங்களுக்கு அவர் சிம்லா ஐயா. சிம்லாவில் இருக்கும்போது அவரைப் பார்க்க ராஜாக்களே காத்துக் கிடப்பார்கள் என்று சொல்வார்கள். குற்றாலத்தில் காலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு அருவிக்குப் போகும்முன் ஒரு மணி நேரம் ஊறவேண்டுமே, அப்போது துண்டைக் கட்டிக்கொண்டு வராந்தாவில் பலகை போட்டு உட்கார்ந்தே ஆகவேண்டும்.

"அந்த நேரம் வாங்க. எண்ணெயோட எங்கன எந்திரிச்சுப் போவாரு?" என்று ஜமாத்துத் தலைவர் மீரான் ராவுத்தரிடம் என் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். அவர் மூளை இந்த மாதிரி விஷயத்தில் நன்றாக வேலை செய்யும்.

மீரான் ராவுத்தர் வந்தார். நானும் நூர்நிஷாவும் உள்ளே அறையில் மெத்தை மாற்றுகிற சாக்கில் கதவுக்குப் பின்னால் நின்றோம். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"எங்க பிள்ளைங்க ஏகப்பட்ட பேரு அங்கன இருக்காங்க ஐயா. ஒதுங்க ஒரு இடம் இல்லையாம். சர்க்கார் பாத்து ஏதாவது செய்யணும்."

சிம்லா ஐயா எண்ணெய் வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பர்மா இப்ப வேற சர்க்கார். நாங்க உத்தரவு போட முடியாது, கேக்கத்தான் முடியும். எங்க ஆளுக்குப் பாதுகாப்பான இடம் குடு, கப்பல்ல இடம் குடுன்னு கேக்கலாம். ஆனா பேர் வேணும். பொதுவா முஸ்லிம்களைக் காப்பாத்துன்னு கேட்டா, எங்க ஊர் ஜனங்களைப் பத்தி நீ யார் கேக்கன்னு கேப்பா. இன்னார் எங்க ஆள்னு சொன்னாத்தான் நான் வாயைத் திறக்க முடியும்."

மீரான் ராவுத்தர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் ஆண்களின் பெயர். அவருடைய சொந்தத் தம்பிக்கே அங்கே ஒரு வீடு இருந்தது. தம்பி பெயரைச் சொன்னார், அந்த வீட்டைச் சொல்லவில்லை. அவரும் கெட்டவர் இல்லை. ஊர்ப் பெண்களை ஒரு வராந்தாவில் வைத்துச் சந்தி சிரிக்க வைக்கக்கூடாது என்று நினைத்தார். "அப்துல் மஜீது, ஒத்தை ஆளு" என்று அவர் சொன்னது கேட்டது.

"ஒத்தை ஆள் இல்லை" என்றாள் நூர்நிஷா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"நூருவா? நீ பேசாம இரும்மா. அதெல்லாம் இங்கன பேசுத பேச்சு இல்ல" என்றார் மீரான் ராவுத்தர்.

"பெறகு எங்கன பேச மாமு? அங்கன எல்லாம் எரிஞ்சு முடிஞ்ச பெறகா?" பிறகு சிம்லா ஐயாவுக்குக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள். "ஐயா, அவியளுக்கு அங்கன ஒரு சம்சாரம் இருக்கு. ஆமினான்னு பேரு. பர்மாக்காரி, நிக்காஹ் முடிச்சு எங்க மார்க்கத்துக்கு வந்தவ. மூணு பிள்ளைங்க. இபுறாகீம், ஜுலைகா, கைப்பிள்ளை காசிம்."

"நீங்க யாரும்மா?"

"மூத்த சம்சாரம்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்தபடி அசையாமல் நிற்பது கதவு இடுக்கில் தெரிந்தது.

சிம்லா ஐயா கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் இந்தியர், சரி. அந்த அம்மா பர்மாவில பிறந்தவா. எல்லாரும் ஒரே சக்கரவர்த்தி பிரஜைதான், ஆனா பர்மாக்காராளைப் பாத்துக்க வேண்டியது பர்மா சர்க்கார். அதுல நாங்க தலையிட முடியாதே."

"அடிக்கவன் எந்தச் சர்க்கார் ஆளுன்னு கேட்டுட்டா அடிக்கான்? முஸ்லிம்னு பாத்துல்லா அடிக்கான்."

என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, நான் இலத்தூர்ல பொறந்தவ. அது மகாராஜா சீமை. இவுகளுக்கு வாக்கப்பட்டு இங்கன வந்தேன். நாளைக்குத் தென்காசில ஒண்ணுன்னா, புருஷனை மட்டும் காப்பாத்திட்டு, இவ சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கத்துக்காரின்னு என்னைய விட்டுட்டுப் போவியளா?"

"கோமதி" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிம்லா ஐயா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கல்யாணத்துக்கு ஆதாரம் கேப்பாளே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "எத்தனையோ மனு பாத்திருக்கேன். சக்களத்தியைக் காப்பாத்துன்னு ஒரு பொம்மனாட்டி கேட்டு நான் பாத்ததில்லை. இதைவிட என்ன ஆதாரம் வேணும்? மனைவின்னு நான் சொல்றேன். அஞ்சு பேருக்கும் கேக்கறேன்" என்றார். குளிக்கக்கூடப் போகாமல் எண்ணெய் உடம்போடு எழுந்து உள்ளே போய்த் தந்திக்கு வாசகம் சொல்லி அனுப்பினார். பெரிய மனுஷன்தான். எல்லாரையும் வைகிற நான் அவரை வையமாட்டேன்.

விஷயம் மத்தியானத்துக்குள் தென்காசிக்குப் போய்விட்டது. அடுத்த நாள் தெருவில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்களிடம் வந்து, தங்கள் வீட்டுக்காரர்களின் அந்தப் பக்கத்துக் குடும்பங்களையும் சொல்லச் சொன்னார்கள். அழுதுகொண்டேதான் சொன்னார்கள். நாங்கள் பங்களாவுக்குப் போய்ச் சொல்ல, அதையும் சிம்லா ஐயா அனுப்பினார். மாட்டுவண்டியில் திரும்பும்போது நூர்நிஷா என் தோளில் சாய்ந்துகொண்டாள். "எனக்கு வெக்கமா இருக்குக்கா. ஆனா நல்லாவும் இருக்கு" என்றாள்.

பதில் வர நாளாயிற்று. வந்த அன்றைக்குச் சிம்லா ஐயா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊருக்குக் கிளம்பப் பெட்டி கட்டியாகிவிட்டது. முகம் கறுத்திருந்தது.

"ரங்கூன்ல அடைக்கலம் குடுக்கற இடத்து வாசல்ல வச்சே உன் புருஷன்கிட்ட கேட்டிருக்காம்மா. ஆமினா, இபுறாகீம், ஜுலைகா, காசிம், இவங்க உன் குடும்பமான்னு பேர் சொல்லிக் கேட்டிருக்கா. எனக்கு அப்படி யாருமே இல்லை, நான் ஒண்டி ஆள்னு சொல்லியிருக்கார். அவரை மட்டும் உள்ள விட்டுட்டா." பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மத்தவா சொன்ன பேரையும் இப்ப நம்பமாட்டேங்கறா. கப்பல்ல இலவசமா இடம் பிடிக்கக் கட்டின கதைன்னு நினைக்கறா. என் வார்த்தைக்கும் அங்க மதிப்பில்லாமப் போச்சு."

"இல்லைன்னா சொன்னாவ?" என்றாள் நூர்நிஷா.

அன்றைக்கு ஆரம்பித்தது தெருவின் பேச்சு. பிள்ளையில்லாத ஏக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அழுதுகொண்டு வந்து பெயர் சொன்ன அந்தப் பெண்கள்கூட, இவளால்தான் எங்கள் காரியமும் கெட்டது என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். உண்மை தெரிந்த மீரான் ராவுத்தர் தரையைப் பார்த்துக்கொண்டு போனார். நான் அந்தத் தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். என்ன பிரயோஜனம்? தொண்டைதான் கட்டியது.

புரட்டாசியில் மஜீது அண்ணாச்சி வந்து சேர்ந்தார். கையில் ஒரு பைகூட இல்லை. தாடி வளர்ந்து, கண் உள்ளே போயிருந்தது. வீட்டில் அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டாளே என்று நான் சோறு கொண்டுபோனேன். அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தார். அவள் எதிரே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், அவள் என் சேலையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அங்கன உங்க சம்சாரம், பிள்ளைங்க பேரைச் சொல்லிக் கேட்டாவளா?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "கேட்டாங்க. எனக்கு உசுரே போயிட்டு. ஊர்ல எவனோ போட்டுக்குடுத்துட்டான்னு நெனச்சேன். ஆமான்னா தென்காசிக்குச் சேதி வரும், உன் காதுக்கு எட்டும், நீ என்ன ஆவியோன்னு பயம். ரெண்டு நாள் போகட்டும், எப்படியாவது சொல்லி உள்ள கூட்டிக்கிடலாம்னு நெனச்சேன். மறுநாள் வெளிய வந்து பாத்தா வீடே இல்ல. சாம்பலாக் கெடந்துது. ஆளையும் காணும். தேடாத இடம் இல்ல."

"எவனும் போட்டுக்குடுக்கல. நான்தான் சொன்னேன். எனக்கு ஆறு வருஷமாத் தெரியும்."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"நீங்க இல்லைன்னு சொல்லும்போது அவ எங்கன நின்னா?"

"பின்னாலதான் நின்னா. காசிம் அவ இடுப்புல. ஜுலைகா என் கைலியப் பிடிச்சிட்டு நின்னா."

"அவளுக்கு நம்ம பாஷை விளங்குமா?"

"நல்லா விளங்கும்" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. நூர்நிஷா அழவில்லை. சோற்றைப் பிசைந்து அவர் பக்கம் தள்ளினாள். "சாப்பிடுங்க. சாப்பிட்டுட்டு அடுத்த கப்பலுக்குப் பாருங்க. போய் ஆமான்னு சொல்லிட்டு வாங்க."

மீரான் ராவுத்தரைப் பிடித்துச் சிம்லாவுக்கும் எழுதிப் பார்த்தோம். உரிய ஆளே தன் வாயால் இல்லை என்று சொல்லிவிட்டான், இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. மஜீது அண்ணாச்சி மறுபடி கப்பல் ஏறினார். தேடுகிறேன் என்று முதலில் சேதி வந்தது. பிறகு அதுவும் குறைந்தது. சண்டை வந்தது. ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் அடியோடு நின்றது. நூர்நிஷா ஒவ்வொரு சீசனுக்கும் மெத்தை தூக்கினாள், இறக்கினாள். பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள் ரயிலில் இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். போகும்போது இருக்கிற வேகம் வரும்போது இருக்காது.

நாற்பத்திரண்டில் அவர் வந்தார். காடும் மலையுமாக நடந்தே இந்திய எல்லைக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறி வந்தார். அடையாளம் தெரியவில்லை. கால் இரண்டும் புண்ணாகி அழுகியிருந்தது. நான்தான் வெந்நீர் வைத்துக் கழுவினேன். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பிள்ளைங்க உசுரோட இருக்கா?"

"மூணும் இருக்கு. ஆமினா அவ ஆத்தா ஊருக்குப் போயிட்டா. உள்நாட்டுல, ஆத்தங்கரை ஊரு. பிள்ளைங்களுக்குப் பர்மாப் பேரு வச்சு, பையன்களுக்கு மொட்டையடிச்சு, புத்த மடத்துல படிக்க விட்டிருக்கா. அவங்க நம்ம ஆளுன்னு அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அதனால யாரும் தொடலை. இப்ப மறுபடி நம்ம ஆளுங்களைத் தேடித் தேடி வெட்டுனாங்க, அப்பவும் தொடலை."

"ஆமான்னு சொன்னியளா?"

"சொன்னேன். வேலிக்கு வெளிய நின்னு எத்தனையோ தடவை சொன்னேன். அவ வெளிய வரலை. கடைசியா இபுறாகீம் மட்டும் வந்து பாத்தான். நல்லா வளந்துட்டான். ஊர்க்காரன் ஒருத்தன் அவன்கிட்ட, இது யாரு, உன் வாப்பாவான்னு கேட்டான்."

நான் துணியைப் பிழியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு வாப்பா இல்லைன்னு சொல்லிட்டான்."

நூர்நிஷா விளக்கைத் தரையில் வைத்தாள்.

"சரியாத்தான சொல்லியிருக்கான் பிள்ளை" என்றாள். "அப்படியே சொல்லட்டும்."